சுக்கானை அசைக்கும் ஓர்கா

உவரிக் கடற்கரையில் உட்கார்ந்து போனில் ஓர்கா வீடியோ பார்த்துக்கொண்டிருந்த என் தங்கை மகன் கேட்டான்: "இது நம்ம கடலுக்கு வந்தா நீஞ்சிப் போயித் தொடலாமா மாமா?" இங்கெல்லாம் வராது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. மன்னார் வளைகுடாவின் அக்கரையில், இலங்கையின் கற்பிட்டிப் பக்கம் ஓர்காவைப் பார்த்திருக்கிறார்கள்.

கொலைகாரத் திமிங்கலம் என்று பெயர் வாங்கியிருந்தாலும் ஓர்கா ஓங்கல், அதாவது டால்பின், குடும்பத்தைச் சேர்ந்ததுதான். கடலில் அது மனிதரைக் கொன்றதாக உறுதியான பதிவு ஒன்றுகூட இல்லை. நம்மேல் பிரியம் என்று நினைத்துவிட வேண்டாம். எதைத் தின்பது என்பதை ஓர்கா தாயிடமும் கூட்டத்திடமும் பழகுகிறது. சில கூட்டங்களுக்கு மீன்தான் சாப்பாடு, வேறு சில கடல்நாயைத் தேடிப் போகும். அந்தச் சமையல் குறிப்பில் மனிதன் இல்லை, அவ்வளவுதான். தொட்டியில் அடைத்துவைத்த ஓர்காவின் கதை வேறு. திலிக்கும் என்ற ஒரே ஆண் ஓர்கா 3 பேர் சாவில் சம்பந்தப்பட்டது.

சரி, தின்னாது என்றால் பயமில்லையா? ஸ்பெயின், போர்த்துகல் கரையோரம் 2020 முதல் நடப்பதைப் பாருங்கள். ஓர்காக்கள் பாய்மரப் படகுகளின் சுக்கானை, அதாவது படகைத் திருப்ப அடியில் தொங்கும் பலகையை, முட்டித் தள்ளுகின்றன. சில படகுகள் மூழ்கியும் போயின. கோபமில்லை, பெரும்பாலும் இளசுகளின் விளையாட்டு என்றுதான் ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். ஆடு கட்டும் முளைக்குச்சியைப் பிடுங்கும்போது நாம் என்ன செய்கிறோம்? தலையைப் பிடித்து இப்படியும் அப்படியும் அசைக்கிறோம். அடியில் பிடிமானம் விட்டுப்போகிறது. சுக்கான் தலைகீழாக நட்ட முளைக்குச்சி. அதன் கீழ்நுனியில் சில டன் எடையுள்ள உடம்பு மோதினால், தண்டு படகுக்குள் நுழையும் இடத்தில் நெம்புகோல்போல விசை பெருகும். அங்கே விரிசல் விட்டால் தண்ணீர் உள்ளே வந்துவிடும். அந்த நேரம் சுக்கான் சக்கரத்தைக் கையில் பிடித்திருந்தால், அது வெடுக்கென்று சுழன்று கையை முறித்துவிடலாம்.

படகுக்கே இந்தக் கதி. வளர்ந்த ஆண் ஓர்கா 6 டன்கூட வரும். பக்கத்தில் நீந்துகிறவனை அது வாலால் லேசாகத் தட்டினாலே போதும்.

நம் ஊருக்கு இதைவிட நெருக்கமான பாடம் ஒன்று உண்டு. 2016 ஜனவரியில் திருச்செந்தூர், மணப்பாடு கரையில் எண்பதுக்கும் மேற்பட்ட குட்டைத்துடுப்புப் பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கின. அவையும் ஓங்கல் குடும்பம்தான். மீனவர்கள் ராத்திரியெல்லாம் பாடுபட்டுக் கடலுக்குள் இழுத்துவிட்டார்கள். அதில் சில திரும்பக் கரைக்கே வந்தன. கூட்டத்தை விட்டுப் பிரியாத சாதி அது. கரையில் தவிப்பவற்றின் பக்கம் மற்றவையும் வந்துவிடும் என்பது இதற்குச் சொல்லப்படும் ஒரு காரணம்.

மனசு கேட்காமல் கிட்டப் போகிறவர்களுக்கு வால்தான் முதல் ஆபத்து. அடுத்தது மூச்சு. தலைமேல் உள்ள மூச்சுத்துளை பீய்ச்சும் ஈரக்காற்றில் நோய்க்கிருமிகள் இருக்கலாம். வாலில் கயிறு கட்டி இழுத்தால் ஆபத்து அதற்கு: தலை பின்னால் போய், மூச்சுத்துளை நீருக்குள் அமிழ்ந்து, கடல் பிராணியே மூச்சுமுட்டிச் சாகலாம். வனத்துறைக்குச் சொல்லிவிட்டு, அவர்கள் வரும்வரை ஈரத்துணி போர்த்தி, தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கலாம். துளைக்குள் மட்டும் ஒரு சொட்டும் போகக்கூடாது. வால் பக்கம் நிற்காமல், விலா பக்கமாக நின்று ஊற்ற வேண்டும்.