மீட்டர் 12 காட்டும், இன்ஜின் நகராது

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "மாமா பாரிஸிலிருந்து கொண்டுவந்த ஹெச்.ஓ. அளவு பொம்மை ரயில் செட் மூன்று வருடமாகப் பரணில் கிடந்தது. இப்போது எடுத்து ஓட்டினால் இன்ஜின் நகரவில்லை. விரலால் அழுத்தித் தள்ளினால் ஒரு சாண் ஓடி நின்றுவிடுகிறது. தண்டவாளத்தில் மல்டிமீட்டர் வைத்தால் சரியாக 12 வோல்ட் காட்டுகிறது. அப்படியானால் மோட்டார்தானே போயிருக்கும்?"

அநேகமாக மோட்டார் இல்லை. அழுத்தினால் ஓடுகிறது என்கிறாரே, அங்கேயே பாதி விடை இருக்கிறது.

முதலில் இரண்டு எச்சரிக்கை. செட் அமெரிக்காவிலிருந்து வந்தது என்றால் அதன் டிரான்ஸ்ஃபார்மர் 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் வீட்டு 230 வோல்ட்டில் சொருகினால் புகைந்துவிடும். ஜெர்மனியின் மார்க்லின் ஹெச்.ஓ. இன்ஜினாக இருந்து, அடிவயிற்றில் நீளமான உலோகப் பட்டை தொங்கினால், அது நடுவில் மூன்றாவது மின்தொடர்பு உள்ள பாதைக்கானது. சாதாரண 12 வோல்ட் டிசி பாதையில் அது ஓடாது, பழுதும் இல்லை. பிரான்ஸிலிருந்து வருபவை பெரும்பாலும் இரட்டைத் தண்டவாள டிசிதான்.

இனி அந்த 12 வோல்ட் விஷயத்துக்கு வருவோம். மீட்டர் பொய் சொல்லவில்லை, ஆனால் நாம் கேட்ட கேள்வி தப்பு. டிஜிட்டல் மீட்டரின் உள்தடை சுமார் 1 கோடி ஓம். அதன் வழியாக ஓடும் மின்னோட்டம் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. தண்டவாளத் துண்டுகளைச் சேர்க்கும் இணைப்புத் தகட்டில் களிம்பு பிடித்து 40 ஓம் தடை உருவாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீட்டர் வைக்கும்போது அந்த இடத்தில் இழக்கப்படும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டில் இருபதாயிரத்தில் ஒரு பங்குதான். திரையில் 12 என்றே வரும். அதே இடத்தில், நிற்கும் நிலையில் 20 ஓம் தடையுள்ள மோட்டாரை வையுங்கள். மொத்தம் 60 ஓம், மின்னோட்டம் 0.2 ஆம்பியர். களிம்பு 8 வோல்ட்டை விழுங்கிவிடும், மோட்டாருக்கு மிஞ்சுவது 4 வோல்ட். பத்தாம் வகுப்பு ஓம் விதிதான், ஆனால் எவ்வளவு அழகாக ஒளிந்துகொள்கிறது! சுமை ஏற்றினால்தான் வெளியே வரும்.

ஆகவே மீட்டரை ஓரமாக வைத்துவிட்டு, டூவீலர் கடையில் 12 வோல்ட் 5 வாட் பார்க்கிங் பல்பு ஒன்று வாங்கி இரண்டு ஒயர் பற்றவையுங்கள். அது 0.4 ஆம்பியர் இழுக்கும். கண்ட்ரோலரை முழுதாகத் திருகி, ஒயர் சேரும் இடத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு இணைப்பையும் தாண்டித் தாண்டித் தொட்டுக்கொண்டே போங்கள். எந்த இணைப்பைத் தாண்டியதும் பல்பு மங்குகிறதோ, அதுதான் குற்றவாளி. தகட்டை இடுக்கியால் லேசாக இறுக்கலாம், அல்லது இரு பக்கத் துண்டுகளையும் சிறு ஒயரால் சால்டர் செய்துவிடலாம். சால்டரிங் அயர்னை ஓரிரு நொடிக்கு மேல் வைத்தால் பிளாஸ்டிக் கட்டைகள் உருகிவிடும்.

பல்பு எல்லா இடத்திலும் பிரகாசமாக எரிந்தால், தடை சக்கரத்தடியில் இருக்கிறது. அழுத்தினால் ஏன் ஓடுகிறது என்பது இங்கேதான் புரியும். புதுச்சேரி நிலையத்துக்குள் நுழையும் டபிள்யூ.ஏ.பி-7 இன்ஜினின் எடை 123 டன், சக்கரங்கள் 12. ஒரு சக்கரம் பத்து டன்னுக்கு மேல் அழுத்துகிறது. மேலே 25,000 வோல்ட் கம்பியில் வாங்கிய மின்சாரம் அதே சக்கரம் வழியாகத்தான் தண்டவாளத்துக்குத் திரும்புகிறது. அழுக்குப் படலம் அந்த எடைக்கு முன் நிற்காது. உங்கள் மாதிரி இன்ஜின் 300 கிராம் என்றால், எட்டுச் சக்கரத்தில் ஒவ்வொன்றின் பங்கு 38 கிராம். ஒரு கோழிமுட்டையின் எடைகூட இல்லை. தொடும் இடமும் முழுதாகத் தொடுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு சில முனைகள் மட்டுமே உலோகத்தோடு உலோகமாக ஒட்டுகின்றன. அவற்றின் நடுவே மெல்லிய ஆக்சைடு படலம் புகுந்தால் மின்சாரம் நின்றுபோகும். விரல் அழுத்தும்போது படலம் கிழிகிறது, எடுத்ததும் கதவு மூடிக்கொள்கிறது.

கடலோரத்தில் இந்தப் படலம் சீக்கிரம் வளர்வதற்குக் காரணம் உப்புக்காற்று. தூய சாப்பாட்டு உப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால்தான் நீரை இழுத்துக் கரையும். கடல் உப்பிலோ மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு 33 சதவீதமே போதும். நம் ஊரில் ஈரப்பதம் அதற்குக் கீழே இறங்குவது அபூர்வம். அதனால் தண்டவாளத்தில் படிந்த உப்பு காய்வதே இல்லை. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துமே என்று தோன்றலாம். கடத்துவது கொஞ்சம்தான், அடியில் உலோகத்தை அரித்து அது உண்டாக்கும் சேர்மம்தான் தடை. நல்ல தண்டவாளங்கள் நம் பாத்திரக்கடை 'ஜெர்மன் சில்வர்', அதாவது செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. அதில் வெள்ளி துளியும் இல்லை. செம்பு இருப்பதால் பச்சை பூக்கும்.

சுத்தம் செய்ய மண்ணெண்ணெய் மட்டும் போதாது, உப்பு அதில் கரையாது. மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நமக்குப் பொருத்தம்: ஆல்கஹால் எண்ணெய்ப்பசையை எடுக்கும், மீதமுள்ள நீர் உப்பை எடுக்கும். பஞ்சில்லாத துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் இன்னொரு தரம். உப்புத்தாள் போடவே கூடாது. அதன் கீறல்களில் அழுக்கு குடியேறும். சக்கரத்துக்கு, நாலைந்து சொட்டு மட்டும் நனைத்த துணியைத் தண்டவாளத்தின் குறுக்கே விரித்து, இன்ஜினின் பாதிச் சக்கரம் துணியிலும் பாதி தண்டவாளத்திலும் நிற்கும்படி பிடித்து ஓட்டுங்கள். துணியில் கருங்கோடுகள் விழும். பிறகு திருப்பி வைத்து மற்ற பாதி. ஜன்னலைத் திறந்து வையுங்கள். பொறி பறக்கும் இடத்தில் ஆல்கஹால் தேங்கக் கூடாது.

அப்போதும் அசையவில்லையா? இன்ஜினைக் கவிழ்த்து, கண்ட்ரோலர் ஒயர்களை இடது, வலது சக்கரங்களில் ஒவ்வொரு ஜோடியாகத் தொடுங்கள். ஒரு ஜோடியில் சுற்றி இன்னொன்றில் சுற்றாவிட்டால், சக்கரத்தின் பின்புறத்தை உரசும் வெண்கலத் தகடு விலகியிருக்கும். ஊசிமுனையால் அரை மில்லிமீட்டர் வளைத்தால் போதும். எதிலுமே சுற்றாவிட்டால் மோட்டார் முனைகளில் 9 வோல்ட் பேட்டரியைத் தொடுங்கள். டிஜிட்டல் டீகோடர் (கட்டளைகளைப் புரிந்து மோட்டாரை இயக்கும் சிறு மின்னணுப் பலகை) இருந்தால் அதைக் கழற்றிவிட்டுத்தான் செய்ய வேண்டும், இல்லையேல் டீகோடர் கருகிவிடும். மோட்டார் முனகி நின்றால் கியர் பெட்டியில் பழைய கிரீஸ் மெழுகாக இறுகியிருக்கும், அல்லது அச்சில் தலைமுடி சுற்றியிருக்கும். பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டு, பிளாஸ்டிக்குக்கு உகந்த கிரீஸ் கடுகளவு வையுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம்: 24 டிகிரிக்குக் கீழே உறையும், மார்கழிக் காலையில் இன்ஜின் மறுபடி நிற்கும். ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைப்பவர்கள் கூரையில் வையுங்கள். சக்கரத்தில் வைத்தால் அதுவும் ஒரு படலம்தான்.

பள்ளி ஆய்வகங்களில் ஓம் விதிக்கு ஒரு கம்பிச்சுருளைக் கொடுத்து, தெரிந்த விடையையே எழுதச் சொல்கிறோம். இப்படி ஓடாத இன்ஜின் ஒன்றையும் ஒரு பல்பையும் கொடுத்துக் காரணம் கேட்க வேண்டும். அதற்காகப் பள்ளிக்கு ஒரு செட் வாங்க அரசு பணம் ஒதுக்கினால் நன்றாகச் செலவழித்த பணமாக இருக்கும்.

முதுநகர் வாசகருக்கு: மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ்ஷைக் கடைசியாகத் தொடுங்கள், அதன் ஸ்பிரிங் துள்ளிப் பறந்தால் கிடைக்காது. ஓடத் தொடங்கியதும், பரணுக்குப் பதிலாக மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை பத்து நிமிடம் ஓட்டுங்கள்.