ரயில் சுருங்கும், நேரம் சுருங்காது

அமெரிக்க மாடல் ரயில் உலகில் ஓ ஸ்கேல் என்றால் நிஜ அளவில் 48-ல் ஒரு பங்கு. நிஜத்தில் ஒரு மைல் ஆகும் பாதைக்கு இங்கே 110 அடி வேண்டும், அதாவது 33 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். நாலைந்து நண்பர்கள் சேர்ந்து வீட்டின் பேஸ்மென்ட் முழுக்க வளைத்து வளைத்துப் போட்டாலும் மொத்தப் பாதை ஒன்றரை மைலைத் தாண்டுவது கஷ்டம். எல்லாவற்றையும் 48-ஆல் வகுத்துவிடலாம் என்று நினைத்துத்தான் எல்லோரும் தொடங்குகிறார்கள். எடை அப்படி வகுபடாது. மின்சாரமும் வகுபடாது. நேரம் சுத்தமாக மசியாது.

அகலத்திலேயே ஒரு கோளாறு இருக்கிறது. கேஜ், அதாவது தண்டவாள இடைவெளி, ஒன்றேகால் அங்குலம், அதை 48-ஆல் பெருக்கினால் 5 அடி. நிஜ அமெரிக்கப் பாதையோ 4 அடி எட்டரை அங்குலம். ஆக, மூன்றரை அங்குலம் கூடுதல். 1886 வரை அமெரிக்கத் தென்மாநிலங்களில் பெரும்பாலும் 5 அடி கேஜ்தான் இருந்தது. அந்தக் காலத்து ரயிலை மாடல் செய்கிறவருக்கு மட்டும் கணக்கு கச்சிதமாகப் பொருந்தும். இந்தப் பிழை பொறுக்காதவர்கள் புரோட்டோ:48 என்ற 29.9 மி.மீ. கேஜுக்குப் போகிறார்கள். நண்பர்கள் ஆளுக்கு ஒரு வண்டி கொண்டுவந்து ஓட்டுகிற லேஅவுட்டுக்கு (பலகை மேல் கட்டிய மொத்த மாடல் பாதைக்கு) அது வேண்டாம். கடையில் கிடைக்கும் சக்கரம், பாதை பிரிகிற இடத்தில் போடும் பாயிண்ட் எல்லாம் சாதாரண 32 மி.மீ.க்குத்தான்.

நீளம் 48 மடங்கு குறைந்தால் எடை 48-ன் கனமடங்கு, அதாவது 1,10,592 மடங்கு குறையும். 60 டன் சரக்குப் பெட்டி சுமார் 540 கிராம் ஆகிவிடும். அமெரிக்க தேசிய மாடல் ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ. ஓ ஸ்கேலுக்குச் சொல்லும் விதி: அடிப்படை 5 அவுன்ஸ், அதோடு நீளத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஓர் அவுன்ஸ். நிஜத்தில் 40 அடி நீளமுள்ள பெட்டி இங்கே 10 அங்குலம், ஆகவே 15 அவுன்ஸ், 425 கிராம். கடையில் வாங்கியபடியே ஓட்டினால் பல பெட்டிகள் இதைவிட லேசாக இருக்கும். நீண்ட வண்டியின் நடுவில் அப்படி ஒன்று மாட்டிக்கொண்டு வளைவு வந்தால், முன்னால் எஞ்சின் இழுக்க, பின்னால் மற்ற பெட்டிகளின் பாரம் இழுக்க, லேசான பெட்டி நேர்கோட்டை நாடி உட்பக்கம் சரிந்து விழும். சமையலறைத் தராசில் நிறுத்து, குறைகிற எடைக்கு இரும்பு வாஷர்களைப் பெட்டியின் தரையில் ஒட்டினால் போதும். கூரைப் பக்கம் ஒட்டினால் ஈர்ப்பு மையம் ஏறி, கவிழ்வது இன்னும் சுலபமாகிவிடும்.

இனி மின்சாரம். எத்தனை அழகாகக் கட்டியும் மூலைக்குப் போனதும் எஞ்சின் சோர்ந்து நின்றால் தவறு எஞ்சினில் இல்லை, பெரும்பாலும் கம்பியில். மின்வழங்கியிலிருந்து 15 மீட்டர் தள்ளி ஓடும் ரயிலுக்கு மின்சாரம் போய்வர 30 மீட்டர் கம்பி. 20 கேஜ் (அமெரிக்கக் கம்பித் தடிமன் அளவு, AWG) கம்பியானால் அதன் மின்தடை சுமார் ஓர் ஓம். எஞ்சின்கள் 4 ஆம்பியர் இழுத்தால் 4 வோல்ட் வழியிலேயே காலி. நம் வீடுகளில் பவர் பிளக்குக்குப் போடும் 2.5 சதுர மி.மீ. கம்பியானால் இழப்பு ஒரு வோல்ட்டுக்குள் அடங்கும். அதனால் பலகைக்கு அடியில் தடித்த முதன்மைக் கம்பி ஓட வேண்டும், அதிலிருந்து இரண்டு மீட்டருக்கு ஒருமுறை மெல்லிய கிளைக் கம்பி ஏறித் தண்டவாளத்தின் பக்கவாட்டில் சால்டர் ஆக வேண்டும். தண்டவாளங்களை இணைக்கும் தகட்டு ஜாயினரை மட்டும் நம்பினால் முதல் வருடம் ஓடும். பிறகு தூசியும் ஆக்சைடும் சேர்ந்து ஒவ்வொரு மூட்டும் ஒரு சின்ன ரெசிஸ்டர் ஆகிவிடும்.

கம்பி வேலை முடிந்ததும் நாணயச் சோதனை. ஓர் உலோகக் காசை இரண்டு தண்டவாளங்களுக்கும் குறுக்கே வைத்தால் சர்க்யூட் பிரேக்கர் அந்தக் கணமே விழ வேண்டும். மீட்டருக்கு ஒருமுறை வைத்துப் பாருங்கள். எங்காவது விழாமல் போனால், அங்கே கம்பியின் தடை ஷார்ட் சர்க்யூட்டையே மறைக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தில் வண்டி தடம்புரண்டால் 18 வோல்ட், 10 ஆம்பியர், ஆக 180 வாட் முழுவதும் சக்கரத்தையும் பாயிண்ட்டையும் சுட்டுக்கொண்டிருக்கும்.

புதிதாக வருகிறவர்களைக் குழப்புவது திரும்பு வளையம். பாதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து தன்னிடமே சேருகிறது என்று வைத்துக்கொள்வோம். வலது தண்டவாளத்தை விரலால் தொடர்ந்து போனால், வளையம் சுற்றித் திரும்பும்போது அது இடது தண்டவாளத்தில் போய் முட்டும். மின்சாரம் ஒரு தண்டவாளத்தில் வந்து மற்றதில் திரும்பும் இரு தண்டவாள முறையில் இது நேரடி ஷார்ட். தீர்வு: வளையத்தின் இரு முனைகளிலும் இரண்டு தண்டவாளங்களையும் வெட்டி இடைவெளி விட்டு, நடுத்துண்டுக்குத் தானியங்கித் துருவமாற்றி (இரு தண்டவாளங்களின் மின் இணைப்பை இடம் மாற்றும் கருவி) வைப்பது. அந்தத் துண்டு வண்டி முழுவதையும் விட நீளமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எஞ்சின் ஒரு வெட்டையும் கடைசிப் பெட்டியின் உலோகச் சக்கரம் மறு வெட்டையும் ஒரே நேரத்தில் பாலம் போடும். துருவமாற்றி எந்தப் பக்கம் மாற்றினாலும் ஷார்ட்தான். 20 பெட்டி வண்டிக்கே ஆறு மீட்டருக்கு மேல் போய்விடும்.

அமெரிக்கப் பொம்மை ரயில் கம்பெனியான லயனலின் பாணி மூன்று தண்டவாள முறைக்கு இந்தத் தலைவலியே கிடையாது. நடுத் தண்டவாளத்தில் மாறுமின்சாரம், வெளித் தண்டவாளங்கள் இரண்டும் ஒரே திரும்புவழி. வலது போய் இடதில் சேர்ந்தால் என்ன, இரண்டும் ஒன்றுதானே! இன்னொரு லாபமும் உண்டு. வெளித் தண்டவாளம் ஒன்றில் ஒரு துண்டைத் தனியாகப் பிரித்து விளக்கில் இணைத்தால், வண்டியின் அச்சே ஸ்விட்ச் ஆகி விளக்கை எரியவைக்கும். மின்னணுப் பாகம் ஒன்றுகூட வேண்டாம். நடுவில் ஓடும் அந்தத் தண்டவாளம் அசிங்கம்தான், மறுப்பதற்கில்லை.

கட்டி முடித்து வட்டமாக ஓட்டிக்கொண்டிருந்தால் அரைமணி நேரத்தில் எல்லோருக்கும் அலுத்துவிடும். நியூ ஆர்லியன்ஸில் டெல்டா லைன்ஸ் என்ற ஓ ஸ்கேல் லேஅவுட்டைக் கட்டிய ஃபிராங்க் எல்லிசன், லேஅவுட்டை நாடக மேடையாகவே பார்த்தார். ரயில்கள் நடிகர்கள், கால அட்டவணைதான் கதை. நண்பர்களில் ஒருவர் எந்த வண்டி எப்போது போகலாம் என்று சொல்லும் கன்ட்ரோலர், ஒருவர் பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் யார்டு மாஸ்டர், மற்றவர்கள் டிரைவரும் கண்டக்டருமாக இரண்டிரண்டு பேர். ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் அட்டை. அதில் செருகிய சரக்குச் சீட்டைத் திருப்பினால் அடுத்து எங்கே போக வேண்டும் என்று இருக்கும்.

கண்டக்டர் மூளையைக் கசக்குகிற இடம், முன்நோக்கிப் பிரியும் சைடிங் (சரக்குப் பெட்டியை விடும் முட்டுக் கிளைப் பாதை). போகும் திசையிலேயே கிளை பிரிந்தால், பெட்டி எஞ்சினுக்கு முன்னால் இருந்தால்தான் உள்ளே தள்ள முடியும். அதற்கு லூப்பில் (மெயின் லைனிலிருந்து பிரிந்து மறுபடி அதிலேயே சேரும் பக்கப் பாதையில்) பெட்டிகளை நிறுத்தி, எஞ்சின் சுற்றிப் பின்பக்கம் வர வேண்டும். பெட்டிகளை இணைக்கும் கப்ளிங்கைக் கழற்ற ஒரு மூங்கில் குச்சி போதும். லூப் ஒன்றரை மீட்டர் என்றால் அதில் ஐந்து பெட்டிதான் நிற்கும். எட்டுப் பெட்டியோடு வந்தவர் மெயின் லைனை மறித்துக்கொண்டு விழிப்பார்.

மசியாத நேரம் இங்கேதான் வேலையைக் காட்டும். மணிக்கு 40 கி.மீ. வேகம் ஓ ஸ்கேலில் விநாடிக்கு 23 செ.மீ. 10 மீட்டர் தள்ளியிருக்கும் அடுத்த ஸ்டேஷனுக்கு 43 விநாடி. அட்டவணை போட இது போதாது. ஆகவே நான்கு மடங்கு வேகமாக ஓடும் கடிகாரத்தைச் சுவரில் மாட்டுகிறார்கள், 43 விநாடி சுமார் மூன்று நிமிடமாகிவிடுகிறது. ஆனால் குச்சியால் கப்ளிங் கழற்றும் கை நான்கு மடங்கு வேகமாக ஓடாது. நம் கைக்கடிகாரத்தில் ஐந்து நிமிடம் பிடிக்கும் ஷண்டிங் (பெட்டிகளைக் கழற்றி மாற்றும் வேலை), சுவர்க் கடிகாரத்தில் இருபது நிமிடத்தைத் தின்றுவிடும். எக்ஸ்பிரஸ் நேரத்துக்கு வரும், சில்லறைச் சரக்கு வண்டி எப்போதும் தாமதம். சைடிங்குகள் நிறைய உள்ள லேஅவுட்டில் இரண்டு மடங்குக்கு மேல் வைக்காதீர்கள்.