கலங்கிய கடலில் சுரங்கத்தின் பங்கு எவ்வளவு?

சுரங்கங்களிலிருந்து கடலுக்கு வரும் மண்ணைச் செயற்கைக்கோள் படங்களில் அளக்கப் பார்க்கிறார்கள். தெளிந்த கடல்நீர் சிவப்பு ஒளியைச் சில மீட்டர் ஆழத்துக்குள்ளேயே விழுங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பை அதைவிட விரைவாக. அதனால் இந்த அலைநீளங்களில் எடுத்த செயற்கைக்கோள் படத்தில் கடல் ஏறத்தாழ கறுப்பாகவே இருக்கும். நீரில் மண்துகள்கள் மிதந்தால் அவை ஒளியைச் சிதறடித்து மேலே திருப்பிவிடும். ஆற்று முகத்துவாரத்திலிருந்து விரியும் கலங்கல் பளிச்சென்று தெரிவது இதனால்தான். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் இதை 10 மீட்டர் நுணுக்கத்தில், சுமார் 5 நாளுக்கொரு முறை படமெடுக்கின்றன.

நிறத்தை எடையாக மாற்றுவதுதான் பெரும்பாடு. செயற்கைக்கோளை எட்டும் ஒளியில் பெரும்பகுதி கடலிலிருந்து வந்ததே அல்ல, நடுவிலுள்ள காற்றும் தூசியும் சிதறடித்தது. முதலில் அதைக் கழிக்க வேண்டும். பிறகு, செயற்கைக்கோள் கடக்கும் நேரத்தையொட்டிப் படகில் போய் நீர் முகந்து, வடிகட்டி, தங்கிய மண்ணை எடைபோட வேண்டும். லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற அந்தக் கணக்கைப் படத்தின் ஒளிர்வோடு பொருத்தினால்தான் மற்ற நாட்களின் படங்களையும் வாசிக்க முடியும். படகு இறங்காமல் தயாரான வண்ணப்படம் பார்க்க அழகாக இருக்கும். வழக்கு மன்றத்தில் நிற்காது.

அடுத்த சிக்கல், மண் யாருடையது என்பது. மழை கொட்டினால் சுரங்கமே இல்லாத ஆறும் கலங்கும். 2015 நவம்பர் 5 அன்று பிரேசிலில் இரும்புச் சுரங்கக் கழிவைத் தேக்கியிருந்த ஃபுண்டாவ் அணை உடைந்து, சேறு டோசி ஆற்றின் வழியே 600 கிலோமீட்டருக்கு மேல் பாய்ந்து அந்த மாதமே அட்லாண்டிக்கை அடைந்தது. அவ்வளவு வெளிப்படையான விபத்திலும், மழைக்காலத்தில் அந்த ஆறு வழக்கமாகக் கொட்டும் மண்ணைப் பிரித்தறிய முந்தைய ஆண்டுகளின் படங்கள் தேவை. அணை உடையாமல், சரிவில் வெட்டிய மண் மழைதோறும் கசிந்து வரும் சுரங்கங்களில் இது இன்னும் கடினம். அங்கே, சுரங்கம் இல்லாத பக்கத்து ஆற்றை அதே மழையில் ஒப்பிடுவதே நம்பகமான வழி. ஆனால் மண் அதிகம் வரும் நாட்களில்தான் மேகமும் மறைத்துத் தொலைக்கும்! ராடார் மேகத்தைத் துளைக்கும். நீரில் மிதக்கும் மண் அதற்குத் தெரியாது.

இவையெல்லாம் மிதக்கும் மண்ணைப் பற்றியவை. கலங்கிய நீரின் அடியில் படிந்ததைப் படம் நேரடியாகக் காட்டாது. ஆகவே ஆண்டுக்கணக்கில் கரைக்கோடு நகர்வதைப் பார்க்கிறார்கள். ஒப்பிடும் படங்கள் ஒரே அளவு ஓதத்தில் (கடல்மட்டத்தின் அன்றாட ஏற்றவற்றத்தில்) எடுத்தவையாக இருக்க வேண்டும். இல்லையேல் வற்றிய கடலெல்லாம் புதுநிலமாகத் தெரியும். பப்புவா நியூ கினியைச் சேர்ந்த பூகன்வில் தீவின் பாங்குனா செம்புச் சுரங்கம் உற்பத்தியைத் தொடங்கிய 1972-லேயே பூமியைப் படமெடுக்கும் அமெரிக்காவின் முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோளும் ஏவப்பட்டது. சுரங்கத்தின் கழிவு ஜாபா ஆற்றில் இறங்கி, கடலோரத்தில் புதிதாக ஒரு கழிமுகத்தையே உருவாக்கியது. 1989-இல் சுரங்கம் மூடப்பட்டது. பள்ளத்தாக்கில் குவிந்த கழிவை ஆறு இன்னும் அரித்து, கீழே கொண்டுவந்துகொண்டிருக்கிறது.