முறையான இனவெறியா? ரேசிசத்துக்குத் தமிழில் என்ன சொல்

'முறையான இனவெறி' என்று ஒரு தொடர் தமிழ்ச் செய்தித் தளங்களில் கூச்சமே இல்லாமல் நடமாடுகிறது. அமெரிக்கப் போலீஸ் பற்றிய செய்தியில் 'சிஸ்டமிக் ரேசிசம்' என்று இருந்திருக்கும். அதை இயந்திரத்தில் போட்டு எடுத்து, ஒரு தடவைகூட வாய்விட்டுப் படித்துப் பார்க்காமல் ஏற்றிவிடுகிறார்கள். முறையான அனுமதி, முறையான ரசீது, முறையான இனவெறி! அப்படியானால் முறைகேடான இனவெறி என்று தனியாக ஒன்று இருக்கிறதா?

இயந்திரத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அடைமொழியில் ஒரு பிழை. அது பார்த்தவுடன் தெரிகிறது. 'வெறி'யில் இருக்கும் பிழை கண்ணில் படுவதில்லை, ஏனென்றால் நாமே அதற்குப் பழகிவிட்டோம். தருமபுரியில் ஒரு கல்லூரிப் பேச்சுப் போட்டிக்கு 'சமூகத்திலும் அரசியலிலும் இனவெறி பெருகியிருக்கிறதா?' என்று தலைப்புக் கொடுத்துப் பாருங்கள். ஒரு பிள்ளை தென்னாப்பிரிக்காவைப் பேசும், ஒன்று ஈழத்தைப் பேசும், ஒன்று 2012-இல் எரிக்கப்பட்ட நத்தம் காலனியைப் பேசும், ஒன்று ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒடிசாக்காரர்களைப் பேசும். நான்கும் ஒரே பொருள்தானா என்று மேடையில் யாரும் கேட்கமாட்டார்கள். பரிசை மட்டும் கொடுத்து அனுப்புவார்கள்.

முதலில் வேரைப் பார்த்துவிடலாம். 'ரேஸ்' என்ற சொல் இத்தாலி, ஸ்பெயின், பிரான்ஸ் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. அதற்கு முந்தைய மூலம் எது என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் உடன்பாடில்லை. 1611-இல் வந்த ஸ்பானிய அகராதி ஒன்று 'ராசா' என்பதற்கு உயர்சாதிக் குதிரை வகை என்று பொருள் தந்துவிட்டு, மனிதர் குலத்தைச் சொல்லும்போது அது இழிபொருள் தரும், மூர் அல்லது யூத வழி வந்தவர் என்று குறிக்கும் என்கிறது. நம் 'இனம்' அப்படிப் பிறந்ததல்ல. வல்லினம், மெல்லினம் என்று எழுத்தைப் பிரிக்கவும், 'சிற்றினம் சேராமை' என்று குறளில் கூட்டாளிகளைச் சொல்லவும் பயன்பட்ட சொல். இன்றைக்கும் போச்சம்பள்ளிச் சந்தையில் போய் 'இது என்ன இனம்' என்றால் ஆலம்பாடியா, பர்கூரா என்று மாட்டைப் பற்றித்தான் பதில் வரும். மனிதக் கூட்டத்தைப் பிறப்பால் பிரிக்கும் பொருள் 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய நூல்களின் வழியாக இந்தச் சொல்லின் மேல் ஏறியது. அதனால்தான் மனித இனம், பெண்ணினம், தமிழினம், மாட்டினம் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லே வேலை செய்கிறது. இதை இனி மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம்.

'ரேசிசம்' மிகவும் பிந்திய சொல். ஆங்கிலத்தில் அதற்குக் கிடைக்கும் மிகப் பழைய பயன்பாடுகளில் ஒன்று 1902-இல் ரிச்சர்ட் ஹென்றி பிராட் என்ற அமெரிக்கப் படை அதிகாரி பேசியது. இனங்களைப் பிரித்து வைக்கக் கூடாது, ரேசிசத்தை ஒழிக்க அவை ஒன்றுகலக்க வேண்டும் என்றார். அதே பிராட்தான் 1879-இல் பென்சில்வேனியாவின் கார்லைலில் செவ்விந்தியப் பிள்ளைகளுக்கு உறைவிடப் பள்ளி தொடங்கி, அவர்களின் முடியை வெட்டி, பெயரை மாற்றி, தாய்மொழியைப் பேச விடாமல் செய்தவர். நல்லது செய்வதாகவே அவர் மனதார நம்பினார். கோபமும் இல்லை, கொந்தளிப்பும் இல்லை. அவருடைய பள்ளியைத் தமிழில் 'இனவெறிப் பள்ளி' என்று எழுதினால் படிக்கிறவர் மனதில் சாட்டையோடு நிற்கும் ஒரு முரடன் வருவான். நடந்ததோ மணி அடித்து, வருகைப் பதிவேடு வைத்து நடந்தது.

சிக்கல் இங்கேதான். 'வெறி' என்பது தமிழில் மிகக் கூர்மையான சொல். சங்கப் பாட்டில் வேலன் ஆடுவது வெறியாட்டு. முருகு ஏறியவன் தன் வசத்தில் இல்லை. வெறிநாய், குடிவெறி, கொலைவெறி எல்லாவற்றிலும் அதே கரு. வெறி ஏறும், இறங்கும், தணியும். ஏறியிருக்கும்போது செய்ததற்கு ஆள் முழுப் பொறுப்பல்ல என்ற சலுகையும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 'ஏதோ வெறியில் பண்ணிட்டான்' என்று பஞ்சாயத்தில் பேசி முடிப்பது நமக்குத் தெரியாததா? ரேசிசத்துக்கு இந்தச் சொல்லை நிரந்தரமாக ஒட்டிவிட்டால், யாருக்கும் வெறி பிடிக்காத இடத்தில் ரேசிசமே இல்லை என்றாகிறது. 'எங்க ஊர்ல இனவெறியெல்லாம் கிடையாதுங்க' என்று வீட்டுக்காரர் உண்மையாகவே சொல்வார். சொல்லிவிட்டு, ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் லைன் வீடு கேட்டு வரும் பீகார்க்காரரிடம் 'வடநாட்டு ஆளுங்களுக்கு விடறதில்லை' என்பார். குரலைக்கூட உயர்த்தமாட்டார். இதில் வெறி எங்கே?

'இனவெறி' என்ற சொல்லை விடமாட்டேன் என்பவர்களுக்கு ஒரு வலுவான வாதம் இருக்கிறது. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. தமிழ்நாட்டில் இனம் பெருமைச் சொல். இன உணர்வு, இனமானம் என்று அரசியலே அதில் வளர்ந்தது. பேராசிரியர் அன்பழகனை 'இனமானப் பேராசிரியர்' என்றே அழைத்தார்கள். ஆகவே நல்லதையும் கெட்டதையும் பிரிக்க பற்று, வெறி என்று ஓர் அளவுகோல் வைத்துக்கொண்டோம். மொழிப்பற்று நல்லது, மொழிவெறி கெட்டது. இனப்பற்று நல்லது, இனவெறி கெட்டது. 'இனவாதம்' என்று சொன்னால் இந்தக் கோடு அழிந்துவிடும், நாளைக்கு இன உரிமை கேட்பவனையும் இனவாதி என்பார்கள் என்று அஞ்சுகிறார்கள். இலங்கையில் அப்படி நடக்கவும் செய்தது. அங்கே 'இனவாதம்' அன்றாடச் சொல். சிங்களப் பேரினவாதத்தைச் சொல்லும் அதே வாயால் தமிழர் கோரிக்கையையும் 'தமிழ் இனவாதம்' என்று தள்ளியிருக்கிறார்கள்.

அச்சம் நியாயமானது, அளவுகோல்தான் தவறு. அந்த அளவுகோலின்படி ரேசிசம் என்பது அளவு மிஞ்சிப்போன இனப்பற்று. பால் பொங்கி வழிந்த மாதிரி. ஆனால் அது பற்றிலிருந்து கிளம்புவதே இல்லை. லைன் வீட்டுக்காரருக்குத் தன் இனத்தின் மேல் தனிப் பாசம் ஒன்றும் கிடையாது. உள்ளூர்க்காரனிடமும் பத்து மாத அட்வான்ஸ் கறப்பவர்தான். அவர் செய்வது வேறு: ஆளைப் பார்க்குமுன் பிறப்பைப் பார்த்து, அந்தப் பிறப்புக்கு ஒரு குணத்தை ஒட்டி, அதை வைத்து வாசலை அடைக்கிறார். முகம் சற்றுத் தட்டையாக இருந்தால் மணிப்பூர்க்காரரையும் மிசோரம்காரரையும் 'கூர்க்கா', 'சைனாக்காரன்' என்று கூப்பிடுவதும் இந்த வகைதான். வடகிழக்கு மாநிலத்தவர் டெல்லி முதலிய நகரங்களில் படும் பாட்டை ஆராய 2014-இல் மத்திய அரசு பெஸ்பருவா குழுவை அமைத்தது. இனத்தைச் சொல்லி இழிவுபடுத்துவதைத் தனிக் குற்றமாக்கச் சட்டப் பிரிவுகள் வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. அந்த அறிக்கையின் பொருளைத் தமிழில் சொல்ல 'வெறி' போதாது. பெரும்பாலும் சிரித்துக்கொண்டே செய்கிறார்கள்.

'நிறவெறி' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தென்னாப்பிரிக்காவின் அபார்ட்டைட்டுக்கு அதை வைத்தார்கள், அங்கேயே பொருந்தவில்லை. அபார்ட்டைட் என்றால் ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் தனித்தனியாக இருத்தல். 1948-இல் ஆட்சிக்கு வந்த கட்சி 1950-இல் மக்கள் பதிவுச் சட்டம் போட்டு ஒவ்வொருவரையும் ஓர் இனத்தில் எழுதியது. நிறத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாதபோது தலைமுடியில் பென்சிலைச் செருகிப் பார்த்தார்கள். நழுவி விழுந்தால் வெள்ளையர், சிக்கி நின்றால் இல்லை. இதற்கு 'இனவொதுக்கல்' என்ற சொல் சரியாகப் பொருந்துகிறது. 1935-இல் நாஜிகள் போட்ட நியூரம்பெர்க் சட்டம் தாத்தா பாட்டி நால்வரில் எத்தனை பேர் யூதர் என்று எண்ணியது. ருவாண்டாவில் பெல்ஜியக்காரர்கள் அடையாள அட்டையில் ஹூட்டு, டுட்சி என்று அச்சிட்டார்கள். 1994-இல் சாலைத் தடுப்பில் அந்த அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்துக் கொன்றார்கள். கொன்றவனுக்கும் இறந்தவனுக்கும் ஒரே நிறம். நம் ஊர்த் திருமண விளம்பரத்தில் 'சிவப்பான பெண் தேவை' என்று போடுவது நிறம் சார்ந்ததுதான், ஆனால் அது நிறமோகம். அங்கேயும் வெறி இல்லை.

பிறகு தூய்மைவாதிகள் வருவார்கள். வாதம் வடசொல், '-இயம்' சேர்த்து 'இனவியம்' என்று ஆக்கிவிடலாமே என்பார்கள். பெண்ணியம், மார்க்சியம், தலித்தியம் எல்லாம் நன்றாக நிலைத்தவைதான். கவனித்தால் மூன்றும் ஒரு தரப்பார் விரும்பிச் சூடிக்கொண்ட பெயர்கள். இனவியம் என்றால் ஏதோ ஆய்வுத் துறை போல ஒலிக்கிறது. பக்கத்தில் இனவியல் வேறு இருக்கிறது. அச்சில் ஓர் எழுத்துப் பிசகினால் மானிடவியல் பேராசிரியர் குற்றவாளி ஆகிவிடுவார். வாதம் பக்கவாதத்தையும் நினைவூட்டும் என்பது இன்னொரு குறை. நினைவூட்டட்டும், கெட்டுப் போகாது. வகுப்புவாதம், பிரிவினைவாதம், தீவிரவாதம் என்று மக்கள் நாவில் ஏறிவிட்ட வரிசையில் இனவாதம் தானே போய் உட்கார்ந்துகொள்கிறது. கொள்கையையும் சொல்லும், நடைமுறையையும் சொல்லும், சூடு ஏற்றாது.

ஆகவே பொதுச்சொல்லாக இனவாதம். 'இனவெறி' என்ற சொல்லைத் தூக்கி எறிய வேண்டாம்; கும்பல் கூடி ஆளை அடித்துக் கொன்றால் அதற்கு அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. வேலையோ வீடோ சேர்க்கையோ மறுத்தால் இனப்பாகுபாடு. திட்டினால் இனவசை. இந்த இடத்தில் செய்தி மொழிபெயர்ப்பாளர்களைக் கொஞ்சம் பிடித்து உலுக்க வேண்டும். 2021 ஜனவரியில் சிட்னி டெஸ்டில் பார்வையாளர்கள் சிலர் சிராஜைப் பார்த்துக் கத்தினார்கள். ஆட்டம் நின்றது, ஆறு பேரை அரங்கிலிருந்து வெளியேற்றினார்கள். இம்மாதிரி நிகழ்வை 'இனவெறித் தாக்குதல்' என்று எழுதினால், காலையில் டீக்கடையில் படிக்கிறவர் சிராஜுக்கு மண்டை உடைந்ததா என்று கேட்பார். ஆங்கிலத்தில் சொல்லாலும் தாக்கலாம், தமிழில் தாக்கினால் காயம் இருக்க வேண்டும்.

சிஸ்டமிக் என்பதற்குக் 'கட்டமைப்பு இனவாதம்' போதும். பள்ளிப் பிள்ளைகளுக்கு என்றால் 'அமைப்பில் ஊறிய இனவாதம்'. 1871-இல் தொடங்கிய குற்றப்பரம்பரைச் சட்டத்தை எடுத்துக்காட்டினால் ஒரே வரியில் புரிந்துவிடும்: ஒரு கூட்டத்தில் பிறந்ததே குற்றம், நிலையத்தில் கைரேகை, ஊரை விட்டுப் போக அனுமதிச் சீட்டு. 1952-இல்தான் அது நாடு முழுவதும் நீங்கியது. எந்த அதிகாரிக்கும் வெறி தேவைப்படவில்லை. பதிவேடே போதுமானதாக இருந்தது.

மிச்சமிருப்பது சாதி. இதில் தருமபுரி மாவட்டத்துக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். பஞ்சாபிப் பார்ப்பனரும் பஞ்சாபித் தலித்தும் ஒரே இனம்தான், சாதி இனப் பிரிவு அல்ல என்று அம்பேத்கர் 1936-லேயே வாதிட்டார். 2001-இல் டர்பனில் நடந்த ஐ.நா. இனவாத எதிர்ப்பு மாநாட்டில் இந்திய அரசும் 'சாதி இனமல்ல' என்றது. ஆனால் உலக அரங்கில் சாதியைப் பேசவிடாமல் தடுப்பதற்காக அப்படிச் சொன்னது. 1965-இல் ஐ.நா. ஏற்ற இனப்பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கையில் இனம், நிறம் என்பவற்றோடு 'பிறப்பு வழி' என்ற காரணமும் இருக்கிறது. அதில் சாதியும் அடங்கும் என்று அந்த உடன்படிக்கையின் குழு 2002-இல் விளக்கம் தந்தது. சட்ட வழக்காடலுக்கு அது உதவும். தமிழில் எழுதும்போது மட்டும் சாதியைச் சாதி என்றே எழுத வேண்டும். 2012 நவம்பர் 7-இல் நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி தலித் காலனிகளை எரித்ததை 'இன மோதல்' என்றால் எரித்தவர் பெயர் மறைகிறது. 'இரு தரப்பினரிடையே மோதல்' என்றால் எரிந்தது யார் வீடு என்பதும் சேர்ந்து மறைகிறது. 2024 பிப்ரவரியில் தருமபுரி மாவட்டத்தில் தோட்ட வேலைக்கு வந்த தலித் பெண்களுக்குக் கொட்டாங்குச்சியில் டீ ஊற்றிக் கொடுத்ததாக வழக்குப் பதிவானது. அதைச் சாதிவெறி என்று எழுதினால்கூடச் சரியாக வராது. டீயை உபசாரமாகத்தான் கொடுத்திருக்கிறார்கள். அது தீண்டாமை. நூறு வருடப் பழைய சொல், இன்னும் தேயவில்லை. வாச்சாத்தியில் 1992 ஜூன் 20-இல் வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் மலைவாழ் மக்கள் மேல் செய்ததற்குச் சட்டமே 'வன்கொடுமை' என்று பெயர் வைத்திருக்கிறது; 269 பேரையும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்தது. அங்கே போய் இனவெறி என்று எழுதுவது, இருக்கிற சரியான சொல்லைத் தள்ளிவிட்டு மங்கலான ஒன்றை வைப்பது.

ஆளைச் சுட்டும் சொல்லில் இன்னும் சிறு தடங்கல் உண்டு. 'இனவெறியன்' என்றதும் எதிராளி சண்டைக்கு வந்துவிடுவார், விவாதம் அவருடைய குணத்தைப் பற்றியதாகிவிடும். 'இனவாதி' கொஞ்சம் தேவலாம். அதுவும் காந்தியவாதி, அரசியல்வாதி போல முழுநேரத் தொழிலாகத் தொனிக்கிறது. ஒருவர் ஒரு தடவை பேசியதைக் குறிக்க 'அவர் பேசியது இனவாதம்' என்று பேச்சின் மேலேயே சொல்லை நிறுத்துவது நல்லது. செய்தியில் பெயரடையாக வந்தால் 'இனவாதப் பேச்சு', 'இனவாதக் கேலி' என ஒற்று மிகும். 'இனவாத பேச்சு' என்று ஒற்றை விழுங்கி எழுத வேண்டாம்.