ஷெட்யூல் என்றாலும் சரி, ஸ்கெட்யூல் என்றாலும் சரி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். பெரும்பாலோர் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள், தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள். எழுதச் சொன்னால் எழுதிவிடுகிறார்கள். பேசச் சொன்னால் வாய் ஒட்டிக்கொள்கிறது. கேட்டுப் பார்த்தால், எப்போதோ யாரோ அவர்கள் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்திருப்பார்கள். வேதனை என்னவென்றால், பல நேரம் அந்த உச்சரிப்பு சரியாகவே இருந்திருக்கும்.

அண்மையில் நான்காம் படிவ மாணவி ஒருத்தி ‘ஷெட்யூல்’ என்றாள். பக்கத்துப் பையன் உடனே, “ஸ்கெட்யூல் லா!” என்றான். அவள் அதை விட்டுவிட்டு ‘டைம்டேபிள்’ என்று மாற்றிக்கொண்டாள். அப்புறம் வாக்கியத்தையே முடிக்கவில்லை. கேம்பிரிட்ஜ் இணைய அகராதியைத் திறந்து, அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒலிபெருக்கிக் குறிகள் இரண்டையும் தட்டிக் காட்டினேன். ஷெட்யூல் பிரிட்டன் வழக்கம், ஸ்கெட்யூல் அமெரிக்க வழக்கம். இப்போது பிரிட்டனிலேயே இளையவர்கள் பலர் ஸ்கெட்யூல் என்கிறார்கள்.

நம் பள்ளி ஆங்கிலம் பிரிட்டன்காரர் விட்டுப்போனது. பிள்ளைகள் காதில் விழுவதோ யூடியூப். அதனால்தான் ஒரே வீட்டில் அப்பா ‘விட்டமின்’ என்பார், மகன் ‘வைட்டமின்’ என்பான். ஆங்கிலத்தின் கடைசி எழுத்தான Z-ஐச் சொல்வதில் வரும் ‘ஸெட்’, ‘ஸீ’ சண்டையும் அப்படித்தான். ‘ஆஃபன்’ (often) என்ற சொல்லில் டகர ஒலி 17ஆம் நூற்றாண்டு வாக்கிலேயே பேச்சில் மறைந்துபோனது. பிறகு எழுத்தைப் பார்த்துப் படித்தவர்கள் ‘ஆஃப்டன்’ என்று அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இன்று அகராதிகள் இரண்டையும் ஏற்கின்றன. மூலிகைக்கு ‘ஹெர்ப்’ என்பது பிரிட்டன், ‘எர்ப்’ என்பது அமெரிக்கா. ஹகரம் இல்லாததுதான் பழையது. பிரிட்டன்காரர்கள் 19ஆம் நூற்றாண்டில்தான் அதைச் சேர்த்துச் சொல்லப் பழகினார்கள்.

அப்படியானால் எதையுமே திருத்த வேண்டாமா? திருத்தத்தான் வேண்டும். ‘ரிசீட்’டில் (receipt) p ஒலியையும் கடனைக் குறிக்கும் ‘டெட்’டில் (debt) b ஒலியையும் ‘சாமன்’ (salmon) மீனில் l ஒலியையும் அழுத்திச் சொல்லும் பழக்கம் நம்மிடம் உண்டு. இவற்றை அகராதிகள் பொதுவாக ஏற்பதில்லை. ஆனாலும் சொன்னது எதிரே இருப்பவருக்குப் புரிந்துவிடும். எனக்குக் கவலை தருவது பொருளே மாறிப்போகும் இடங்கள். 13, 30 இரண்டையும் பிள்ளைகள் ஒரே மாதிரி சொல்கிறார்கள். ‘தெர்ட்டீன்’ என்னும்போது பின்பாதி நீண்டு அழுத்தம் பெற வேண்டும், கடைசி னகரம் காதில் விழ வேண்டும். ‘தெர்ட்டி’யில் அழுத்தம் முன்னால். தமிழிலும் மலாயிலும் அழுத்தத்தை மாற்றினால் சொல் மாறுவதில்லை, அதனால் நம் பிள்ளைகளுக்கு அது எளிதில் பிடிபடுவதில்லை. இருவரை முதுகோடு முதுகாக உட்கார வைத்து, ஒருவர் சொல்லும் விலையை மற்றவர் எழுத வேண்டும் என்பேன். முகம் பார்க்க முடியாதபோது நாக்கு தானாகத் திருந்துகிறது. 13 ரிங்கிட் சட்டை 30 ரிங்கிட் ஆகும்போது வகுப்பே விழித்துக்கொள்ளும்.

நம் ஆங்கிலப் பாடத்திட்டம் ஐரோப்பியத் தர அளவீடான சி.இ.எஃப்.ஆரைப் பின்பற்றுகிறது. 2018இல் அந்த அளவீட்டின் உச்சரிப்புப் பகுதியைத் திருத்தி எழுதினார்கள். வெள்ளைக்காரர் போலப் பேசுவது அதில் இலக்கு இல்லை. கேட்பவருக்குப் புரிவதுதான் முக்கியம். ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் ஆங்கிலப் பேச்சுப் பகுதியிலும் பிள்ளை பக்கத்தில் இருப்பவரோடு கலந்து பேச வேண்டும். வாயடைத்து நின்றால் அங்கே மதிப்பெண்ணுக்கு வழியில்லை.

பெற்றோரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பிள்ளை ஒரு சொல்லைப் புதிதாக உச்சரித்தால், முதலில் வாக்கியத்தை முடிக்க விடுங்கள். பிறகு இருவருமாகக் கைப்பேசியில் அகராதியைத் திறந்து அந்த இரண்டு குறிகளையும் தட்டிக் கேளுங்கள். அண்ணன், அக்கா யாராவது கிண்டல் செய்தால் அவர்களையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.