மிளகு வறுவலும் வெள்ளை ஒயினும்

காரைக்குடிக்குப் பக்கத்தில், ஓட்டலாக மாறிவிட்ட ஒரு பழைய நகரத்தார் வீடு. பர்மா தேக்குத் தூண்கள், காலுக்குக் குளிர்ச்சியாக ஆத்தங்குடிக் கல். சிங்கப்பூரில் இருந்து வந்திருந்த மச்சான், கையோடு கொண்டுவந்த வெள்ளை ஒயினை ஓட்டல்காரர்களிடம் கேட்டுக்கொண்டு திறந்தார். முதல் வாயில் பன்னீர் வாசனை, லேசான இனிப்பு, நாக்கோரம் கூசுகிற புளிப்பு. அப்புறம் கோழி மிளகு வறுவல் வந்தது. ஒரு துண்டு தின்றுவிட்டு மறுபடியும் குடித்தேன். வாய் பற்றிக்கொண்டது.

“என்ன மச்சான், வேற பாட்டிலா இது?”

அதே பாட்டில்தான். பிரான்சின் அல்சாஸ் பகுதியில் ‘ஜான்தி’ என்று சொல்கிற கலப்பு ஒயின். ரீஸ்லிங், மஸ்கட், பினோ கிரி, கெவுர்ஸ்ட்ராமினர் ஆகிய நான்கு திராட்சைகள் சேர்ந்து பாதிக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது விதி. ஒவ்வொரு திராட்சையையும் தனித்தனியாக ஒயினாக்கிய பிறகே கலக்க வேண்டும். நம் வீட்டு மசாலா மாதிரிதான்: தனித்தனியாக வறுத்து, பிறகு சேர்ப்பது. ரீஸ்லிங் புளிப்பைத் தரும். மஸ்கட்டும் கெவுர்ஸ்ட்ராமினரும் வாசனைக்கு.

அந்த வாசனை நமக்குப் புதிதில்லை. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையும் மஸ்கட் குடும்பத்து வகைதான். அதற்குப் பன்னீர் என்று பேர் வைத்தவர் யாரோ, நல்ல மூக்கு உள்ளவர். ரோஜாவில் இருக்கும் ஜெரானியால் என்ற வாசனைப் பொருள் மஸ்கட்டிலும் இருக்கிறது. கூடவே லினலூல். இந்த லினலூல்தான் கொத்தமல்லி விதை எண்ணெயின் முக்கியப் பொருள். வறுவலுக்கு மல்லியை வறுக்கும்போது எழும் மணத்தில் ஒரு பங்கு, எதிரே இருந்த கிளாஸிலும் மிதந்துகொண்டிருந்தது.

சரி, எரிச்சல் ஏன்? வாய்க்குள் சூட்டை உணரும் நரம்பு முனைகளில் டிஆர்பிவி1 என்றொரு புரதம் இருக்கிறது. மிளகாய்க்குக் காரம் தரும் கேப்சைசினை வைத்தே 1997இல் டேவிட் ஜூலியஸின் குழு அதை அடையாளம் கண்டது. 2021இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அது ஒரு கதவு. சுமார் 42 டிகிரி செல்சியஸ் சூட்டில் திறந்து, ‘சுடுது’ என்று மூளைக்குச் சொல்லும். கேப்சைசின் பட்டால் சூடு இல்லாமலே திறக்கும். மிளகின் காரப் பொருளான பைப்பரினும் அதே கதவைத்தான் தட்டும். ஆல்கஹால் செய்வது இன்னும் குறும்பான வேலை: கதவு திறக்கும் வெப்பநிலையையே சுமார் 34 டிகிரிக்கு இறக்கிவிடும். நம் உடம்புச் சூடோ 37. நெருப்பைத் தேடி வெளியே போக வேண்டியதே இல்லை.

ஒயின் ஜில்லென்று இருப்பதால் முதல் நொடி இதமாக இருக்கும். அது வாய்ச் சூட்டுக்கு வந்ததும்தான் ஆட்டம் தொடங்கும். காரம் ஆல்கஹாலில் கரையும், அதனால் குடித்தால் அடங்கும் என்பார்கள். நம்ப வேண்டாம்! ஒயினில் பெரும்பங்கு தண்ணீர்தான். தண்ணீரில் கேப்சைசின் சரியாகக் கரையாது. மோரில் உள்ள கேசின் புரதம் காரத்தைப் பிடித்துக்கொண்டு போய்விடும், ஒயினில் அது கிடையாது. ஒயினில் ஓரளவு காரத்தை அமுக்குவது அதில் மிச்சமிருக்கும் சர்க்கரைதான். காரச் சாப்பாட்டுக்கு ஆல்கஹால் குறைவாகவும் கொஞ்சம் இனிப்பாகவும் உள்ளதை எடுப்பது நல்லது என்பேன். சிவப்பு ஒயின் வேண்டவே வேண்டாம். அதில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் எச்சில் புரதங்களைப் பிடித்துக்கொண்டு, வாழைப்பூவைப் பச்சையாகக் கடித்த மாதிரி வாயைத் துவர்க்க வைக்கும்.

மீன் குழம்பு வந்ததும் இன்னொரு மாற்றம்: ஒயினின் புளிப்பு காணாமல் போயிற்று. புளியின் முக்கிய அமிலம் டார்டாரிக். திராட்சையிலும் அதுவே உண்டு. குழம்பின் புளிப்புக்குப் பழகிய நாக்குக்கு ஒயினின் புளிப்பு ஒரு பொருட்டாகப் படவில்லை.

மச்சான் கிளாஸின் காம்பைப் பிடித்திருந்தார். நான் தெரியாத்தனமாகக் கிண்ணத்தையே உள்ளங்கையில் ஏந்தியிருந்தேன். சூடு ஏற ஏற வாசனைப் பொருள்கள் அதிகம் ஆவியாகும். மாற்றி மாற்றி மோந்து பார்த்தோம். என்னுடையதில் பன்னீர் தூக்கலாக வந்தது, அவருடையதில் அடங்கியே இருந்தது. அடுத்த வாய்க்கு வறுவலைத் தள்ளி வைத்துவிட்டு, வெள்ளைப் பணியாரத் தட்டை இழுத்துக்கொண்டோம்.