எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றால் முட்டி நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை

போன வாரம் முட்டியைக் காட்ட என்னிடம் ஒரு பெண் வந்தாள். வயது 19, கால்பந்தில் இடது விங்கில் ஆடுகிறவள். கூடவே அவள் அம்மா, கையில் எக்ஸ்ரே கவர். நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே, "எலும்புல ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்க மேடம். ஆனா ஓடும்போது முட்டி வழுக்குதுங்குறா" என்றார். அடிபட்டு எவ்வளவு நாளாகிறது என்று கேட்டேன். "பதினோரு வாரம்க்கா" என்றாள் பெண். அந்தப் பதினோரு வாரத்தில் ஆறு மேட்ச் ஆடியிருக்கிறாள். முட்டியில் டேப் சுற்றிக்கொண்டு.

படுக்கவைத்து, முட்டியைக் கொஞ்சம் மடக்கி, கீழ்க்காலை முன்பக்கமாக இழுத்துப் பார்த்தேன். நல்ல முட்டியாக இருந்தால் ஓர் இடத்தில் டக்கென்று பிடித்து நிற்கும். இது நிற்கவில்லை, வந்துகொண்டே இருந்தது. இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. பதினோரு வாரமாக யாரும் அவளுக்கு அதைச் செய்து பார்க்கவில்லை. எல்லோரும் எக்ஸ்ரேயைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

இந்த சீசனில் இப்படி வந்த நான்காவது பெண் இவள். நால்வர் கையிலும் எக்ஸ்ரே இருந்தது. நால்வரும் சொன்ன முதல் வாக்கியம் ஒன்றுதான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். அவ்வளவுதான். முட்டிக்குள் குறுக்காக ஓடி, மேல் எலும்பையும் கீழ் எலும்பையும் இழுத்துப் பிடித்திருக்கும் ஏ.சி.எல். என்ற தசைநார் எக்ஸ்ரேயில் தெரியாது. முழுசாக இருந்தாலும் தெரியாது, இரண்டாக அறுந்துபோனாலும் தெரியாது. "எக்ஸ்ரே நார்மல்" என்றால் "எலும்பு முறியவில்லை" என்பது மட்டும்தான் பொருள். வீட்டுச் சுவரை போட்டோ எடுத்துப் பார்த்து உள்ளே ஒயர் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியுமா? அப்புறம் ஏன் எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார்கள் என்று கேட்பீர்கள். எலும்பில் முறிவு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும், அதற்குத்தான். (கீழ் எலும்பின் வெளி ஓரத்தில் ஒரு சின்னச் சில்லு பெயர்ந்திருந்தால், ஏ.சி.எல். போயிருக்கிறது என்பதற்கு அது பலமான அறிகுறி. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடிக்கும்போது என் கண் முதலில் போவது அந்த ஓரத்துக்குத்தான். ஆனால் அந்தச் சில்லு எல்லோருக்கும் பெயராது.)

இதோடு இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. நம் ஊரில் முட்டிக்குள் இருக்கிற எல்லாவற்றுக்கும் 'ஜவ்வு' என்று ஒரே பெயர். எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கிற மெனிஸ்கஸும் ஜவ்வு, ஏ.சி.எல்.லும் ஜவ்வு, பக்கவாட்டில் இருக்கிற தசைநார்களும் ஜவ்வு. "ஜவ்வு லேசா விலகியிருக்கு, எண்ணெய் போட்டு நீவினா இடத்துக்கு வந்துடும்" என்று சொல்லிவிடுகிறார்கள். ஏ.சி.எல். விலகுகிற பொருள் இல்லை. முழுதாகக் கிழிந்த ஏ.சி.எல்.லை எண்ணெய் போட்டு நீவி ஒட்டவைக்க முடியாது. கட்டுப் போட்டு மூன்று வாரம் படுத்திருந்தால் வீக்கம் வடியும், வலி போகும். அதைப் பார்த்துவிட்டு "குணமாயிடுச்சு" என்று மறுபடி கிரவுண்டுக்கு அனுப்புகிறார்கள். நேராக நடக்க, மாடிப்படி ஏற, ஸ்கூட்டி ஓட்ட ஏ.சி.எல். இல்லாமலும் முடியும். ஓடிவந்த வேகத்தில் சட்டென்று திரும்பும்போதுதான் அது இல்லாதது தெரியும். அப்படி முட்டி நழுவுகிற ஒவ்வொரு தடவையும் உள்ளே இருக்கிற மெனிஸ்கஸ் நசுங்குகிறது, கிழிகிறது. போன வாரம் வந்த பெண்ணுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தோம். ஏ.சி.எல். போனது பதினோரு வாரத்துக்கு முன்னால். மெனிஸ்கஸ் போனது அந்த ஆறு மேட்சில் என்பதுதான் என் கணிப்பு. அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

அடிபட்ட அன்றே சந்தேகப்பட வேண்டிய கதை ஒன்று இருக்கிறது. கிட்டத்தட்ட எல்லாப் பெண்களும் அதே கதையைத்தான் சொல்கிறார்கள். யாரும் மோதவில்லை. பந்தைத் துரத்திப் போய்த் திரும்பினாள், அல்லது ஹெட் அடித்துவிட்டு ஒற்றைக் காலில் இறங்கினாள். முட்டிக்குள் 'டொப்' என்று ஒரு சத்தம், பக்கத்தில் இருந்தவளுக்குக்கூடக் கேட்டதாம். சாயங்காலத்துக்குள் முட்டி பந்து மாதிரி வீங்கிவிட்டது. இந்தக் கதையைக் கேட்டால் எக்ஸ்ரே என்ன சொன்னாலும் சரி, எலும்பு மூட்டு மருத்துவரிடமோ விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட்டிடமோ அழைத்துப் போங்கள். அவர் கையால் சோதித்துப் பார்க்கட்டும். அவர் கையே வைக்கவில்லை என்றால், "ஏ.சி.எல். டெஸ்ட் பண்ணிப் பாருங்க" என்று நீங்களே கேளுங்கள். தயங்காதீர்கள்.

பெண்கள் ஏன் சொல்லாமல் மறைத்து ஆடுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அவர்கள் மேல் எனக்குக் கோபமே வருவதில்லை.

இந்தியப் பெண்கள் கால்பந்து லீக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2017-ல் ஆரம்பித்தது. முதல் சில ஆண்டுகள் எல்லா அணிகளையும் ஓர் ஊருக்கு வரவழைத்து, சில வாரங்களில் மொத்த சீசனையும் முடித்துவிடுவார்கள். மதுரையின் சேது எஃப்.சி. கோப்பை வென்றது அப்படி ஒரு சீசனில்தான். 2019 மே மாதம், லூதியானா வெயிலில், இறுதிப் போட்டியில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்றார்கள். இந்திய அணிக்கு ஆடிய கடலூர் இந்துமதியின் பெயரைச் சொல்லிக்கொண்டு பந்தை எடுத்த சின்னப் பிள்ளைகள் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். 2023-24-ல்தான் சொந்த ஊரிலும் எதிரணி ஊரிலும் ஆடுகிற முறை வந்தது. ஏழு அணிகள், ஆளுக்கு 12 மேட்ச். ஒடிசா எஃப்.சி. வென்றது. அடுத்த சீசனில் எட்டு அணிகள், 14 மேட்ச். ஈஸ்ட் பெங்கால் வென்றது. 2023-ல் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு, ஒவ்வொரு கிளப்பும் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளுக்கு ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் ஒப்பந்தம் தர வேண்டும் என்று அறிவித்தது. கூலி வேலைக்குப் போகிற அப்பாவின் வீட்டில் அந்தத் தொகை என்னவாக இருக்கும் என்று யோசியுங்கள்.

ஆக ஒரு பெண் வெளியே தெரிகிற நேரம் ஆண்டுக்கு 14 மேட்ச்தான். அதற்குள் கோச் பார்க்க வேண்டும், வேறு கிளப் பார்க்க வேண்டும், போலீஸிலோ ரயில்வேயிலோ விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு ஒரு சர்டிஃபிகேட் சேர வேண்டும். முட்டி சரியில்லை என்று வாயைத் திறந்தால் அந்த ஆண்டே போயிற்று. அதனால் டேப் சுற்றுகிறாள், மாத்திரை போடுகிறாள், யாராவது கொடுத்தால் வலி ஊசியும் போட்டுக்கொள்கிறாள். ஊசி போட்டு ஆடவைக்கிறவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை: செய்யாதீர்கள். வலிதான் அவளுக்குக் கடைசியாக இருக்கிற காவல்.

லீக் சின்னது, ஆனால் பெண்ணுக்கு ஓய்வும் இல்லை. நன்றாக ஆடுகிறவள் என்றால் கல்லூரிக்கு அவள்தான், மாவட்டத்துக்கு அவள்தான், கிளப்புக்கும் அவள்தான். எட்டு நாளில் ஐந்து மேட்ச் ஆடியவளைப் பார்த்திருக்கிறேன். மூன்று கோச்சும் ஒருவரோடு ஒருவர் போனில் பேசியதே இல்லை. பேசுங்கள், தயவுசெய்து.

"பொம்பளப் பிள்ளை உடம்பு, இந்த ஆட்டம் தாங்காது" என்று பாட்டி சொன்னால் புரிந்துகொள்வேன். கோச்சே சொல்லும்போதுதான் மனசு ஆறமாட்டேன் என்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏ.சி.எல். கிழிவது இரண்டு மடங்குக்கும் மேல் அதிகம், உண்மைதான். இடுப்பு அமைப்பு, ஹார்மோன் என்று பல காரணங்களை ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். மாதவிலக்குச் சுழற்சிக்குப் பங்கு உண்டா என்று லண்டன் கிங்ஸ்டன் பல்கலைக்கழகத்தில், உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் நிதியில் ஓர் ஆய்வே தொடங்கினார்கள். அதற்காகப் பீரியட்ஸ் வந்த பெண்ணை உட்காரவைக்காதீர்கள். நம் கையில் இருப்பதைப் பாருங்கள். பையன் ஆறு வயதில் தெருவில் குதிக்க ஆரம்பித்தான். இவள் பதிமூன்று வயதில்தான் கிரவுண்டுக்கே வந்தாள். குதித்து எப்படி இறங்குவது என்று இவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஜிம் சாவி பையன்கள் அணியிடம் இருக்கிறது. கால் அண்ணனுடைய பழைய பூட்ஸுக்குள் இருக்கிறது, முன்னால் பஞ்சு வைத்து. இதில் எதுவும் பெண் உடம்பின் குறை இல்லை.

பணக்கார கிளப்களிலும் இந்தக் காயம் வரத்தான் செய்கிறது. இங்கிலாந்துப் பெண்கள் லீக்கில் 2022-23 சீசனில் ஆர்சனல் என்ற ஒரே அணியில் பெத் மீட், மீடமா, லியா வில்லியம்சன், வீன்ராய்ட்டர் என்று நால்வருக்கு ஏ.சி.எல். போனது. முதல் மூவரும் 2023 உலகக் கோப்பையை வீட்டிலிருந்துதான் பார்த்தார்கள். ஆனால் அடிபட்ட சில நாளிலேயே இன்ன காயம் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. பதினோரு வாரம் டேப் சுற்றிக்கொண்டு யாரும் ஆடவில்லை.

வார்ம்-அப் பற்றி. கிரவுண்டைச் சுற்றி இரண்டு ரவுண்டு ஓடிவிட்டு, வட்டமாக நின்று காலைப் பிடித்து இழுப்பது வார்ம்-அப் இல்லை. ஃபிஃபா 11+ என்று ஒரு பயிற்சிமுறை இருக்கிறது. மெதுவான ஓட்டம், பிளாங்க், ஒற்றைக் கால் ஸ்குவாட், முட்டி போட்டு உடம்பை முன்னால் மெதுவாகச் சாய்ப்பது, குதித்து முட்டி உள்பக்கம் மடங்காமல் இறங்குவது என்று 15 பயிற்சிகள். மொத்தம் 20 நிமிடம். கருவி எதுவும் வேண்டாம், பணம் வேண்டாம். நார்வேயில் 13 முதல் 17 வயதுள்ள பெண்கள் ஆயிரத்து எண்ணூறு பேருக்கு மேல் வைத்துச் சோதித்தார்கள். 2008-ல் முடிவு வந்தது. இதைச் செய்த அணிகளில் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன, கடுமையான காயங்கள் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தன. வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, சீசன் முழுக்கச் செய்தால்தான் பலன். மேட்சுக்கு முதல் நாள் மட்டும் செய்தால் ஒன்றும் கிடைக்காது. "டைம் இல்ல மேடம்" என்று சொல்கிற கோச்சிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அந்த 20 நிமிடம் இல்லை, ஒன்பது மாதம் இருக்கிறதா?

ஆமாம், அறுவை சிகிச்சைக்குப் பிறகு மறுபடி ஆட வர குறைந்தது ஒன்பது மாதம். ஆட வேண்டும் என்கிற பெண்ணுக்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சை வேண்டியிருக்கும். (விளையாட்டை விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கிறவர்கள் சிலர் பயிற்சி மட்டுமே செய்து நன்றாக இருக்கிறார்கள். எல்லோருக்கும் கத்தி என்று நான் சொல்லவில்லை.) அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இந்தச் சிகிச்சை செய்கிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துப் போய்க் கேளுங்கள். பணத்துக்குப் பயந்து வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள்.

அறுவை சிகிச்சையில் தொடைத் தசையிலிருந்தோ முட்டிச்சில்லுக்குக் கீழிருந்தோ ஒரு நாரை எடுத்து உள்ளே வைக்கிறார்கள். அது உடனே ஏ.சி.எல். ஆகிவிடாது. ஆரம்ப மாதங்களில் அது இளகிப் பலமிழந்து, பிறகு மெல்ல மெல்ல உறுதியாகும். நான்காவது மாதத்தில் பெண்ணுக்கு வலி இருக்காது, வீக்கம் இருக்காது, ஓடலாம்போல இருக்கும். உள்ளே நார் இன்னும் பலவீனமாக இருக்கிற காலம் அது. ஐந்தாவது மாதம் செலக்‌ஷன் வருகிறது என்று அவளை இறக்கிவிடுகிறார்கள். ஒன்பது மாதம் வரை தள்ளிப்போடுகிற ஒவ்வொரு மாதமும் மறுபடி அடிபடும் வாய்ப்பைப் பாதியாகக் குறைக்கிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. 25 வயதுக்குக் கீழே இருந்து மறுபடி ஆடப்போகிறவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அந்தக் காலிலோ மற்றக் காலிலோ மீண்டும் கிழிகிறது. உலகின் சிறந்த வீராங்கனை விருது வாங்கிய அலெக்ஸியா புட்டெயாஸ் 2022 ஜூலையில் அடிபட்டு, 2023 ஏப்ரல் கடைசியில்தான் திரும்ப வந்தார். அவருடைய கிளப்பான பார்சலோனாவாலேயே அவரை அதற்கு முன்னால் இறக்க முடியவில்லை.

மாதக் கணக்கு முடிந்துவிட்டால் மட்டும் போதாது. தொடைத் தசையின் பலம் நல்ல காலில் இருப்பதில் 90 சதவீதமாவது வந்திருக்க வேண்டும். ஒற்றைக் காலில் குதிக்கும் தூரமும் அப்படித்தான். டேப் வைத்து அளந்து பாருங்கள். "நல்லாத்தான் ஓடுறா" என்பது அளவு இல்லை.

அப்பா அம்மாக்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அடிபட்டதும் "இதோட போதும், வீட்ல இரு" என்று சொல்லிவிடாதீர்கள். அந்தப் பயத்தில்தான் பாதிப் பெண்கள் உங்களிடம் மறைக்கிறார்கள். வீங்கிய முட்டியைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு ஒரு மாதம் வீட்டுக்குள் நடமாடியவளை எனக்குத் தெரியும். சரிசெய்து மறுபடி ஆடலாம் என்று முதலில் அவளுக்குச் சொல்லுங்கள். அப்புறம் மருத்துவரிடம் வாருங்கள்.

போன வாரம் வந்த பெண்ணுக்கு வருகிற செவ்வாய்க்கிழமை அறுவை சிகிச்சை. வாசல் வரை போனவள் திரும்பி வந்து, "அடுத்த சீசனுக்கு வந்துடுவேனாக்கா?" என்று கேட்டாள். அடுத்த சீசன் முடியாது, அதற்கடுத்தது ஆடலாம் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் நின்றாள். அப்புறம், எந்தக் கிழமையிலிருந்து பயிற்சிக்கு வர வேண்டும் என்று கேட்டு அம்மாவின் போனில் குறித்துக்கொண்டாள்.